அஷ்டமிக் கடல்

அஜித் போனில் சொன்னது இவ்வளவுதான்.

"அக்கா, பசங்களுக்குப் பரீட்சை முடிஞ்சதும் கடல் பக்கமா போகலாம்னு இருக்கோம். கரையில உக்காந்து சுண்டல் திங்கற கடல் இல்ல. சிலிண்டர் மாட்டிக்கிட்டு உள்ள எறங்கி மீன் பாக்கணுமாம், பவளப்பாறை பாக்கணுமாம். கையக் கடிக்காத எடமா நீயே பாத்துச் சொல்லு. ஏழு பேரு."

பிரேமலதா தென்னூரில் ஒரு டிராவல்ஸ் கடையில் டிக்கெட் போடுகிறவள். அவளைத் தவிர வேறு யாரிடம் தம்பி கேட்பான்?

"ஏழுன்னா யார் யாரு?" என்றாள். தொழில்முறையில் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"நாங்க நாலு. சுபா தம்பி பூவரசன் குடும்பம் மூணு. கணக்கு சரியா வருதா?"

"வருது" என்றாள்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் அஜித்தைப் படிக்கவைத்து, பெங்களூரில் வேலைக்கு அனுப்பி, சுபலட்சுமியைப் பெண்பார்த்துக் கட்டிவைத்தவள் அவள்தான். தன் கல்யாணத்துக்கு நேரம் பார்ப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டது. இப்போது ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் ஒரு மாடி போர்ஷனில் இருக்கிறாள். ஒரு டம்ளர் அரிசி போட்டால் இரண்டு வேளைக்கு வருகிறது. தோசைக்கு அரைத்தால் மாவு புளித்துப்போகும்வரை தோசைதான். சாப்பிடும்போது சாம்பார்ப் பாத்திரத்தின் மேல் போனைச் சாய்த்துவைத்து, யாராவது பேசுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். என்ன பேசுகிறார்கள் என்பது முக்கியமில்லை.

பந்தியில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டாம் முறை பாயசம் கொண்டுவந்தால் "போதும் போதும்" என்று இலையைக் கையால் மறைப்போம். பரிமாறுகிறவர் கையை விலக்கிவிட்டு ஊற்றுவார் என்கிற நம்பிக்கையில்தான் மறைப்பது. கொடைக்கானலுக்கு அஜித் கூப்பிட்டபோது பிரேமலதா அப்படித்தான் மறைத்தாள். "எனக்கென்னடா, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். மறுபடி கேட்பான் என்று இருந்தாள். அவன் கேட்கவில்லை. அடுத்த வருஷம் மூணாறு. அப்போதும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது வருஷத்திலிருந்து கேள்வியே இல்லை. தம்பியைக் குற்றம் சொல்ல அவளால் முடியவில்லை. வேண்டாம் என்றவள் அவள்தானே.

இந்த முறை மனம் வேறு வழியில் ஓடியது. இடத்தையும் நாளையும் பார்த்து முடிப்பவள் நாம்தான். எல்லாம் கூடிவந்தபின் "அக்கா, நீயும் வாயேன்" என்று ஒரு வார்த்தை வராதா? அந்த ஒரு வார்த்தை வந்தால் போதும். இந்தத் தடவை வாய் குறுக்கே வரக்கூடாது.

கடையில் கூட்டமில்லாத நேரமெல்லாம் தேடினாள். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருந்தது. அங்கிருந்து பஸ், படகு என்று பிடித்தால் மலேசியத் தீவுகளில் மலிவாக முங்கலாம். இலங்கையில் திருகோணமலையும் கைக்கு அடக்கமாக வந்தது. லட்சத்தீவுக்கு அனுமதி வாங்குவதற்குள் லீவு முடிந்துவிடும். கடைசியில் அந்தமான் என்று முடிவு செய்தாள். சென்னை போய் விமானம் ஏறி, போர்ட் பிளேரில் இறங்கி, ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல். மலேசியாவைவிடக் கொஞ்சம் கூடத்தான். ஆனால் அந்தமானுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். தினமும் ஊராருக்கெல்லாம் வெளிநாட்டு டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவளிடம் பாஸ்போர்ட் இல்லை.

நாளையும் அவளே பார்த்தாள். கடலை நினைத்த நாளில் தொடக்கூடாது, அமாவாசை மாதிரி நாட்களில்தான் தீண்டலாம், சேது ஒன்றுக்குத்தான் விலக்கு என்று அம்மா சொல்வாள். அம்மா சொன்னதில் எதையும் இதுவரை பிரேமலதா மீறியதில்லை. பங்குனி அமாவாசையை நடுவில் வைத்து ஐந்து நாள் குறித்து அனுப்பினாள். அஜித் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, அலுவலகத்தில் லீவும் எழுதிக் கொடுத்துவிட்டான்.

ஹேவ்லாக்கில் முங்கக் கற்றுத்தரும் ஒரு கடைக்குப் போன் செய்தபோது எடுத்தவள் பெயர் ஷெர்லின். தமிழையும் ஊர்ப்பெயரையும் கேட்டதும் குரல் மலர்ந்துவிட்டது.

"திருச்சியா? எங்க அம்மாவுக்குப் பாலக்கரைதான்க்கா. சொல்லுங்க, என்னைக்கு வரீங்க?"

தேதியைக் கேட்டதும் அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா, அது அமாவாசையாச்சே. அமாவாசை, பௌர்ணமிக்கு நீரோட்டம் இழுக்கும். கலங்கலாவும் இருக்கும். புதுசா கத்துக்கற ஆளுங்கள எங்க முதலாளி அன்னைக்கு எறக்க மாட்டாரு. கோவில் வழக்கத்துக்குப் பாத்தீங்களா?"

"ஆமாம்மா."

"அஷ்டமி, நவமி பாத்துக்கோங்க. தண்ணி குளம் மாதிரி நிக்கும்."

அஷ்டமி, நவமியில் ஒரு புதுப்பாயைக்கூட யாரும் விரிக்க மாட்டார்கள். பிரேமலதாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அஜித் லீவு போட்டாகிவிட்டதே.

அன்று சாயங்காலமே தம்பியைக் கூப்பிட்டு, தேதியை ஒரு வாரம் முன்னால் தள்ள வேண்டும் என்றாள். காரணத்தையும் மறைக்காமல் சொன்னாள்.

அஜித் முதலில் சிரித்தான். பிறகு அலுத்துக்கொண்டான். "ஏன்க்கா, மீன் பாக்கப் போறவனுக்குப் பஞ்சாங்கமா? நான் மேனேஜர்கிட்ட ரெண்டாவது தடவ போய் நிக்கணும். மலேசியா கம்மின்னு நீதான் சொன்னே, அதையும் விட்டுட்டே. நாங்க என்னைக்கு அமாவாசை பாத்தோம்? யாருக்குத்தான் நாள் பாத்தே நீ?"

அவன் கேலிக்குத்தான் கேட்டான். அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. சொன்னது வேறு.

"அம்மா சொல்லுவாங்கள்ல, அந்தப் பழக்கத்துல வெச்சிட்டேன். மாத்திக்கலாம், விடு."

போனை வைத்தபின் வெகுநேரம் விளக்குப் போடத் தோன்றவில்லை. தெருவில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தாயார் சந்நிதியில் வரிசை நீளமாக இருந்தது. அவளுக்கு முன்னால் நின்ற பெண்ணின் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஒருவர் மகனின் விசாவுக்காக வேண்டிக்கொள்ள வந்திருப்பதாகப் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெரிய வேண்டுதல் இருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லு தாயே என்று கேட்க பிரேமலதாவுக்குக் கூச்சமாக இருந்தது. திருவிழாவுக்கு அடம்பிடிக்கும் சிறுபிள்ளையின் கோரிக்கை அல்லவா அது? ஒன்றும் கேட்காமல் சேவித்து, மஞ்சள்காப்பை வாங்கிக்கொண்டு வந்தாள். கேட்கக் கூசுகிறவர்களின் மனதும் தாயாருக்குத் தெரியாமல் போகுமா என்ன?

வீட்டுப் படியேறும்போது போன் அடித்தது. சுபலட்சுமி. நாத்தனாருக்கு அவள் தானாகப் போன் செய்வது அபூர்வம். பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்வதோடு சரி.

"அண்ணி, சாப்பிட்டீங்களா?"

"இனிமேதான்மா. தேதி விஷயமா கோவமா இருக்கானா?"

"அதெல்லாம் இல்ல. அக்கா நமக்கு அமாவாசை பாத்து வெச்சிருக்குன்னு நேத்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல. அண்ணி, நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும் வரதா நெனச்சிருந்தீங்களா?"

எத்தனை வருஷமாகக் காத்திருந்த கேள்வி! ஆனால் பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

"எனக்கென்னம்மா, நீங்க போயிட்டு வாங்க."

"சரிங்க அண்ணி" என்றாள் சுபலட்சுமி. குரல் தணிந்துபோயிருந்தது. "அப்ப வெச்சிடட்டுமா?"

பிரேமலதா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் இன்னும் வைக்கவில்லை. குக்கர் சத்தம் கேட்டது. மூன்றாவது முறையும் இதே கதைதானா? அந்தப் பெண் தன்னால் ஆனதைச் செய்துவிட்டது. இனி எழுந்து வரவேண்டியது இவள்தான்.

"சுபா, வெச்சிடாதம்மா."

"சொல்லுங்க அண்ணி."

"எனக்கு ஆசையாத்தான் இருக்கு. ரொம்ப நாளாவே. வேணாம் வேணாம்னு சொல்லிப் பழகிப்போச்சு. வரேன்."

சுபலட்சுமி மூக்கை உறிஞ்சியது கேட்டது.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நாங்க ஏகாதசி, கோவில்னு நீங்க எங்கியும் வரமாட்டீங்கன்னு நெனச்சிட்டோம். அவருகிட்ட நான் சொல்லிக்கறேன். ஒரு கண்டிஷன், கப்பல்ல ஜன்னல் சீட்டு என் பொண்ணுக்கு. அதுக்கு மட்டும் சண்டைக்கு வராதீங்க."

"வரமாட்டேன்."

"வந்தாலும் பரவால்ல அண்ணி."

சாப்பிட்டுவிட்டு ஷெர்லினைக் கூப்பிட்டாள். ஏழு இல்லை, எட்டு என்றாள். எட்டாவது ஆளுக்கு நீச்சல் தெரியாது, சாதாரண நாளில் கடலைத் தொடவும் மாட்டாள் என்பதையும் சொன்னாள்.

ஷெர்லின் சிரிக்கவில்லை. பேசிப்பேசி வழியைக் கண்டுபிடித்தது அவள்தான். அஷ்டமியன்று வந்து இறங்குவது. மூன்று நாள் மற்றவர்கள் முங்குவது. ஊர்சுற்றிப் பார்த்து அமாவாசையன்று கடலாடிவிட்டுத் திரும்புவது. எப்படியும் அஜித் மேனேஜரிடம் இன்னொரு தடவை நிற்கத்தான் போகிறான், எட்டு நாளாகக் கேட்டுவிடலாம். கூடுதல் நாட்களுக்கு ஓட்டல் வேண்டாம், தன் வீட்டு மாடியில் இரண்டு அறை சும்மாதான் கிடக்கிறது, அம்மாவுக்குப் பாலக்கரைக் கதை பேச ஆள் கிடைத்த மாதிரி இருக்கும் என்றாள்.

"அமாவாசையன்னைக்கு நீரோட்டம் இழுக்கும்னியேம்மா?"

"அது ஆழத்துல. நம்ம எறங்கப்போறது கரையோரம், முட்டியளவு தண்ணி. நானும் கூட எறங்கறேன், கையப் புடிச்சிக்கோங்க. கல்லு குத்தும், ரப்பர் ஷூ தரேன். உங்க கால் சைஸ் என்னக்கா?"

பிரேமலதா வாசலில் கிடந்த செருப்பைப் புரட்டிப் பார்த்தாள். எண் தேய்ந்துபோயிருந்தது.

"தெரியலியேம்மா. இரு, அளந்து சொல்றேன்."

போனைத் தரையில் வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஆளில்லாத அறையில் தன் குதிகாலிலிருந்து கட்டைவிரல்வரை, மெதுவாக, கைவிரலை விரித்து வைத்தாள்.

"ஒரு சாண். அதுக்கு மேல ரெண்டு விரல்" என்றாள், போனை நோக்கிக் குனிந்து.

"போதும்க்கா" என்றாள் ஷெர்லின். "எடுத்து வெச்சிடறேன்."