ஐந்தாம் செமஸ்டரில் வாசனை

மீன் வறுத்து விற்கிறவள் பொய்யே பேசாமல் கடை நடத்த முடியாது. "இப்பத்தான் போட்ல இருந்து எறங்குச்சு" என்று ஹில்டா தினமும் சாயங்காலம் ராயபுரம் தெருமுனையில் சொல்கிற வாக்கியத்தை மாதாவே பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் பெற்ற பெண்ணிடம் ஹில்டா பொய் சொன்னதில்லை. சொல்லத் தெரியாது என்பதுதான் சரி. அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல், பெண்ணிடம் ஒரு முழுப் பொய்யைச் சொன்னாள். அதற்குப் புருஷனும் உடந்தை.

விஷயம் மூக்கைப் பற்றியது. கொரோனா சமயத்தில் ஹில்டாவுக்குக் காய்ச்சல் வந்து போனது. போகிற காய்ச்சல் சும்மா போகவில்லை, மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மற்றவர்களுக்கெல்லாம் சில வாரங்களில் திரும்பி வந்தது. இவளுக்கு வருஷங்கள் ஆகியும் வரவில்லை. மூக்கு நரம்பு அடிபட்டிருக்கிறது, தானாகச் சரியாகும் என்றார் டாக்டர். பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் ஆசீர்வதித்த எண்ணெய் கொண்டுவந்து, ஹில்டாவின் மூக்குத்தண்டில் தடவி, "வந்துரும்மே, மாதா கைவுட மாட்டா" என்பாள். ஹில்டாவும் மூக்கு பளபளக்கத் தலையாட்டுவாள்.

மீனைச் செவுள் திருப்பிப் பார்த்தும் விரலால் அமுக்கியும் வாங்கக் கற்றுக்கொண்டாள். மோப்பம் இல்லாதவள் அரைத்த மசாலாவைத்தான் தண்டையார்பேட்டையிலிருந்தெல்லாம் பைக்கில் வந்து தின்றுவிட்டு, கையை மோந்து பார்த்தபடி போகிறார்கள் என்பது அந்த வீட்டோடும் வியாகுலம்மாளோடும் இருந்த ரகசியம். ஒரே ஒரு தடவைதான் விபரீதம் நடக்கப் பார்த்தது. கேஸ் அடுப்புத் திருகு திறந்தே கிடக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து ஹில்டா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் ஜூடி வாசலிலேயே மோந்துவிட்டு ஓடிவந்து சிலிண்டரை மூடினாள். அன்றுமுதல் அவள் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் சிலிண்டரைத் தொட்டுப் பார்க்காமல் போனதில்லை.

அந்த ஜூடிதான் இப்போது கல்லூரியில் நியூரோசயின்ஸ் படிக்கிறாள். மூளையையும் நரம்பையும் பற்றிய நாலு வருஷப் படிப்பு. முதல் வருஷம் முடிகிற நேரம். மிச்ச வருஷங்களில் எந்த செமஸ்டரில் எந்தப் பேப்பர் எடுப்பது என்று மாணவர்களே திட்டம் போட்டு, திங்கட்கிழமை துறை ஆசிரியை செங்கொடி மிஸ்ஸிடம் கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் ஜூடி தரையில் பேப்பரைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தவள், எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். சங்கரா மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்த ஹில்டா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"இன்னா கண்ணு, மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீற?"

"எடம் பத்தலமா. இத எடுக்கணும்னா அதுக்கு முன்ன அத முடிச்சிருக்கணும்ன்றாங்க. அத எடுக்கணும்னா அதுக்கு முன்ன இன்னொண்ணு."

"மீனக் கய்வாம மசாலா தடவ முடியுமா? அது சரிதானே?"

"சரிதான். ஆனா அஞ்சாவது செமஸ்டர்ல ரெண்டு பேப்பர் ஒரே நேரத்துல வருது. ஏதாச்சும் ஒண்ணுதான் எடுக்க முடியும். ஒண்ணு, குருவிங்க எப்டி பாட்டு கத்துக்குதுன்னு. இன்னொண்ணு, வாசனையும் ருசியும்."

ஹில்டாவின் கை மீனின் மேலேயே நின்றது.

"நீ எத எடுக்கப்போற?"

"வாசனைதான்" என்று சொல்லிவிட்டு ஜூடி விட்ட பெருமூச்சில் பேப்பர் ஒன்று நகர்ந்தே போனது.

குருவியைப் பற்றி இந்தப் பெண் பேசியதை ஹில்டா கேட்டிருக்கிறாள். குஞ்சு தன் அப்பன் பாடுவதைக் கேட்டுக்கேட்டு, முதலில் உளறி, அப்புறம் தேறி, ஒருநாள் முழுப் பாட்டையும் பாடிவிடும் என்று சோற்றில் கை வைத்தபடி சொல்லிக்கொண்டே இருப்பாள், குழம்பு ஆறிப்போகும். அதை விட்டுவிட்டு இப்படி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசனையை எடுக்கிறாள் என்றால் யாருக்காக? ஆசைப்பட்ட படிப்பை ஒரு கிழட்டு மூக்குக்காக விடுவாளா ஒரு பெண்? இந்தப் பெண் விடுவாள். அப்படித்தான் வளர்த்து வைத்திருக்கிறாள் ஹில்டா, அதற்காகத் தன்னையே நொந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் கடையில் எண்ணெய் காய்கிற நேரத்தில் புருஷனைப் பிடித்தாள். அருள்நாதன் துறைமுகத்தில் சிக்னல்மேன். கிரேன் உச்சியில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கப்பலின் அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. கீழே நின்று இறக்கு, நிறுத்து, மெதுவாக, கொக்கி காலி என்று கையாலேயே சொல்கிறவர் இவர். அந்த இரைச்சலில் வாய்க்கு வேலை இல்லாததால் வீட்டிலும் அதே பழக்கம். உப்பு வேண்டுமென்றாலும் கைதான் பேசும். ஹில்டாவைப் பெண் பார்க்க வந்தபோது இவர் ஊமையோ என்று அவளுடைய அம்மா பயந்தது தனிக்கதை.

"யோவ், எனக்கு மோப்பம் வந்துடுச்சுன்னு சொல்லிடப் போறேன்" என்றாள் ஹில்டா. "அப்பால அது நிம்மதியா குருவியப் படிக்கும்."

"அதுகிட்டயே பீலா வுடப்போறியா? மோந்து காட்டுன்னு கேக்கும்மே."

"கேக்கட்டும். நீ அது முதுகுக்குப் பின்னால நின்னு சிக்னல் குடு."

அருள்நாதனின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "கன்டெய்னரையே கையால எறக்கறவன் நானு. ஒரு காபித்தூளு சொல்ல மாட்டனா?" என்றார். வாடிக்கைக்காரர்கள் வருவதற்குள் பாஷை தயார். கட்டைவிரலை வாயில் சாய்த்தால் காபி. தலைக்குப் பின்னால் கை போனால் பூ. உள்ளங்கை நெளிந்தால் மீன்.

மறுநாள் பொய் அரங்கேறியது.

"ஜூடி! பூசையில சாம்பிராணி வாசனை வந்துச்சுடி! நல்லாத் தெரிஞ்சுதுடி!"

ஜூடி பாய்ந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "நெசமாவா? நெசமாவாமா?" என்று கேட்ட குரலில் இருந்த சந்தோஷம் ஹில்டாவை ஊசியாகக் குத்தியது. இந்த அளவுக்கு அவள் எதிர்பார்க்கவில்லை. நிறுத்திவிடலாமா என்று நினைப்பதற்குள் பெண், "இரு, வரேன்" என்று உள்ளே ஓடி, டப்பாக்களைத் தட்டில் வைத்து எடுத்து வந்தாள். அருள்நாதன் நல்ல பிள்ளையாக அவள் முதுகுக்குப் பின்னால் போய், துறைமுகத்தில் நிற்பதுபோலக் காலை அகட்டி நின்றுகொண்டார்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஜூடி தன் துப்பட்டாவை எடுத்து ஹில்டாவின் கண்களைக் கட்டினாள்.

"கண்ண இன்னாத்துக்குடி கட்ற?"

"கண்ணு பாத்துச்சுன்னா மூக்கு சும்மா இருந்துடும்மா. மோந்து சொல்லு, போதும்."

இருட்டு. முதல் டப்பா மூக்கருகே வந்தது, உள்ளே சுருக்கென்று குத்தியது. "தைலம்!" என்று கத்தினாள். சரி என்றாள் ஜூடி. தனக்கே ஆச்சரியம் ஹில்டாவுக்கு. இரண்டாவது டப்பாவின் மூடி கிறீச்சென்றது. காலையும் மாலையும் அவள் திறக்கிற டப்பா, காது ஏமாறுமா? "காபித்தூளு" என்றாள். அதுவும் சரி.

மூன்றாவது மூடி சத்தமே போடவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தாள், காற்றுதான் வந்தது. அருள்நாதன் ஒரு இருமல் இருமலாம். தொண்டையைச் செருமலாம். காலால் தரையைத் தட்டலாம். அந்த மனுஷனுக்கு அது எதுவும் தோன்றவில்லை. பரபரப்பு வந்தால் அவருக்குக் கை மட்டும்தான் வேலை செய்யும். கண் கட்டிய பெண்டாட்டியைப் பார்த்து, சத்தமே இல்லாமல், வேர்த்து விறுவிறுக்க, இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தார்.

"மல்லிப்பூ" என்றாள் ஹில்டா. "இப்பத்தான் பறிச்ச மாதிரி கீது."

ஜூடியின் குரல் கேட்டது.

"நைனா, கைய எறக்கு."

ஹில்டா துப்பட்டாவைப் பிடுங்கினாள். ஜூடி திரும்பி நின்றிருந்தாள். அவளுக்கு எதிரே அருள்நாதன் இரண்டு கையையும் குறுக்கே விரித்தபடி உறைந்து போயிருந்தார். துறைமுகத்தில் அதற்கு அர்த்தம், கொக்கி காலி. தட்டில் இருந்த மூன்றாவது டப்பாவில் ஒன்றுமே இல்லை.

"தைலம் சரியாச் சொன்னேன் இல்ல?" என்றாள் ஹில்டா பரிதாபமாக.

"தைலம் குத்தும்மா. அது வேற நரம்பு, மூஞ்சிக்கு வர்ற நரம்பு. மோப்பமே இல்லாதவங்களும் சொல்லிடுவாங்க. காபி டப்பா கத்துச்சு, அது என் தப்பு." அதுவரை பாடம் ஒப்பிப்பதுபோல வந்த குரல் சட்டென்று உடைந்தது. "இன்னாத்துக்குமா டபாய்ச்ச? நான் நம்பியிருந்தா இன்னா ஆயிருக்கும்? நாளைக்கு கேஸத் தொட்டுப் பாக்காம காலேஜுக்குப் போயிருப்பேனே!"

அதை ஹில்டா யோசிக்கவே இல்லை. அருள்நாதன், மன்னிப்புக்கு எந்த சிக்னலும் இல்லாததால், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"என் மூக்குக்காக உன் படிப்பு வீணாவக்கூடாதுடி" என்றாள் ஹில்டா. "நீ குருவி படி. உனக்கு அதானே உசுரு."

"குருவியா?" ஜூடி கண்ணைத் துடைத்துக்கொண்டே முழித்தாள். "யாரு சொன்னது?"

"சோறு துன்னாமக்கூட அதையே பேசிக்கினு இருந்தியே!"

"கத நல்லாக் கீதுன்னு சொன்னேன்மா. சொல்றதுக்கு நல்லாக் கீது."

"அப்பால நேத்து இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கினு இருந்த?"

"வாசனை பேப்பர் வேணும்னா மூணாவது செமஸ்டர்லயும் நாலாவது செமஸ்டர்லயும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கணும்மா. ரெண்டு! எனக்குக் கணக்குன்னாலே பேஜாரு, உனக்குத் தெரியாதா?"

அருள்நாதன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் சிரித்துக் கேட்பது அபூர்வம், ஜூடிக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. ஹில்டா மட்டும் சிரிக்கவில்லை. மனசு எவ்வளவு கோணல் புத்தி பிடித்தது என்று பாருங்கள். நேற்றெல்லாம் தனக்காகப் படிக்கக் கூடாது என்று தவித்தவளுக்கு, தனக்காக இல்லை என்று தெரிந்ததும் எங்கேயோ சுருக்கென்றது.

"அப்போ எனக்காக இல்லியா?" என்று கேட்டேவிட்டாள்.

ஜூடி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உன் மூக்குக்காக இல்லமா. உன் மூக்காலதான். அப்ப ஒருநாள் சொன்ன பாரு, கொயம்பு கண்ணெதிர்ல கொதிக்குது, ஆனா டிவில கொதிக்கிற மாதிரி கீதுன்னு. அதக் கேட்டதுல இருந்து எனக்கு வேற எதுவும் ஓடல. மூக்கு இல்லன்னா எதுக்கு மனுஷனுக்கு எல்லாமே தள்ளிப்போயிடுதுன்னு தெரிஞ்சிக்கணும் எனக்கு. அதுக்கு ரெண்டு கணக்கு எழுதணும்னா எழுதித் தொலைக்கிறேன்."

ஹில்டா காலி டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் கேட்க பயந்து, வியாகுலம்மாளிடம் கேட்க வெட்கப்பட்டு, மாதாவிடம்கூட நேராகக் கேட்காத கேள்வி ஒன்று அவளிடம் இருந்தது.

"நீ படிச்சு முடிச்சா எனக்கு வந்துருமாடி?"

அருள்நாதனின் சிரிப்பு நின்றது. ஆமாம் என்று ஜூடி சொல்லிவிடலாம், சொல்வது எளிது, எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தன வருஷம் ஆயிடுச்சுமா. வராதுன்னுதான் நெனைக்கிறேன்."

ஹில்டா அழுதாள். சாவு வீட்டில் அழுவதுபோல, வாயைத் திறந்து, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் அழுதாள். இத்தனை நாளும் வந்துரும் வந்துரும் என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் தலையாட்டி, அவர்களுக்காகவும் சேர்த்து நம்பிக்கையோடு இருந்து காட்டி, அவள் எவ்வளவு களைத்துப் போயிருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அருள்நாதன் வந்து அவள் தலையில் கை வைத்தார்.

அழுகை அடங்கியதும் ஹில்டா பெண்ணின் தலையைத் தன் பக்கம் இழுத்து, ஈரம் காயாத முடிக்குள் மூக்கைப் புதைத்து, ஆழமாக மூச்சை இழுத்தாள்.

"இன்னாமா?" என்றாள் ஜூடி, அசையாமல்.

"ஒண்ணுமே தெரிலடி" என்றாள் ஹில்டா. சொல்லிவிட்டும் மூக்கை எடுக்கவில்லை.