நெற்றிக்காசு

இறப்புச் சான்றிதழுக்கு ஆதார் அட்டை வேண்டும் என்று அண்ணன் அருணகிரி கேட்டதால், ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைப் பைக்குள் மதிவதனி கையை விட்டாள். அட்டையோடு சின்ன பிளாஸ்டிக் உறை ஒன்றும் வந்தது. அதன் வாய் திறந்திருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. மேலே ஒட்டிய துண்டுக் காகிதத்தில் அப்பாவின் கோணல் எழுத்து. '1998. ஒரு ரூபாய். சிங்கம் சாயுது. மதி பார்க்கணும்.'

அட்டையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். நாற்பது உறைகளாவது இருக்கும். எல்லாவற்றிலும் காசு இருந்தது, எல்லாவற்றிலும் காகிதம் இருந்தது. 'மதி பார்த்தாச்சு. அடிபட்டது.' 'மதி பார்த்தாச்சு. தேய்ச்சது.' 'மதி பார்த்தாச்சு. இல்லை.' அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி வைத்திருந்தார். அந்த 1998 மட்டும் டப்பாவில் இல்லை.

கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் அப்பா இருசப்பன் படுத்திருந்தார். அறுபத்திரண்டு வயது. விடிந்ததும் டீ குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. அம்மா உண்ணாமலை பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்த டம்ளரை இன்னும் கழுவவில்லை என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மதிவதனி தலைமாட்டில் குனிந்து, பனி படிந்த கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். நெற்றியில் சந்தனத்தின் மேல் ஒரு ரூபாய்க் காசு. நடுவே 1, இரண்டு பக்கமும் கதிர், அடியில் 1998.

"அத்தை, நெத்தியில வெச்ச காசு எங்கேர்ந்து எடுத்தீங்க?"

மணியம்மாள் அப்பாவின் அக்கா. காலையிலிருந்து சாவு வீட்டு நிர்வாகம் அவள் கையில்தான். "அவன் சட்டைப் பையிலதான் இருந்துச்சு, ஏதோ கவர்ல. அவன் காசே அவனுக்கு ஆவட்டும்னு வெச்சேன். ஏன்டி?"

"சும்மாதான் கேட்டேன்."

கோயிலின் கிழக்கு கோபுரத்துக்கு எதிரே செருப்பு விடும் கடை வைத்திருந்தார் அப்பா. எல்லோரும் போனில் காசு அனுப்பத் தொடங்கிய பிறகும், பௌர்ணமிக்கு வரும் கிராமத்துச் சனங்கள் சில்லறையைத்தான் நீட்டுவார்கள். போன வருஷம் யாரோ காட்டிய வீடியோவைப் பார்த்து, தப்பாக அச்சடித்த காசுகளைத் தேட ஆரம்பித்தார். லென்ஸ் ஒன்று வாங்கினார். வேங்கிக்காலில் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளராக இருக்கும் மகள்தான் அவருக்கு நிபுணர். மகளும் அரைமணி நேரம் போனில் படித்துவிட்டு நிபுணர் ஆகிவிட்டாள்.

அச்சில் விழுந்த குறை வேறு, பிறகு அடிபட்டு வந்த குறை வேறு. புதிதாகச் சேர்ப்பவர்கள் இரண்டாவதைப் பார்த்துவிட்டு முதலாவது என்று நம்புவார்கள். அப்பாவும் நம்பினார். இது பஸ் சக்கரம் ஏறினதுப்பா, இது யாரோ அரத்தால ராவினதுப்பா என்று அவள் சொல்லுவாள். அத்தனை முறையும் அவள் சொன்னதுதான் சரி. எப்போதும் சரியாகச் சொல்கிறவர்களுக்கு வரும் திமிர் அவளுக்கும் வந்தது. போன மாதம் அண்ணியின் எதிரிலேயே கேட்டாள்: "செருப்புக் காசுல புதையல் தேடுறீங்களாப்பா?" எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு காசுப் பேச்சையே எடுக்காதவர், போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். "இந்த ஒண்ண மட்டும் பாத்துச் சொல்லும்மா. இது அடிபட்டது இல்ல. மேலயும் கீழயும் புடிச்சிக்கினு பக்கவாட்டுல திருப்பினா ரெண்டு பக்கமும் நேரா நிக்கணும் இல்ல? இதுல சிங்கம் சாயுது."

"மாசக் கடைசிப்பா. அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்."

இன்று வியாழக்கிழமை.

திருப்பினால்தான் தெரியும் குறை. எண் பக்கம் மேலே இருக்கிறது, சிங்கம் அப்பாவின் தோலைத் தொட்டுக்கொண்டு உள்ளே இருக்கிறது. பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும். சுடுகாட்டில் அந்தக் காசு எரிப்பவருக்குப் போய்விடும். அப்பா கடைசியாகக் கேட்ட ஒன்றுக்கு அவளிடம் பதில் இல்லாமலே போய்விடும்.

"அத்தை, அந்தக் காசை ஒரு நிமிஷம் எடுத்துப் பாத்துட்டு வெச்சிடட்டுமா?"

"வெச்ச காசை எடுக்கறதா? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?" என்றாள் மணியம்மாள். பக்கத்திலிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அருணகிரி வாசலிலிருந்து வந்தான். "பௌர்ணமி இன்னிக்கு. மூணு மணிக்கெல்லாம் கிரிவலத்துக்கு ரோட்டை அடைச்சிடுவாங்களாம், போலீஸ்காரர் சொல்லிட்டுப் போறாரு. குளிப்பாட்டிடலாம் அத்தை, ஜல்தியா ஆவட்டும்."

மணி இரண்டேகால்.

அவசரம் அவசரமாக உடலைத் தெருவில் போட்ட பெஞ்சுக்குத் தூக்கி வந்தார்கள். காசை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மதிவதனிக்கு மட்டும் தோன்றியது. அவள் ஆண்களைத் தாண்டிப் போவதற்குள் அருணகிரி முதல் குடத்தைத் தலையில் ஊற்றிவிட்டான். சந்தனம் கரைந்தது. காசு நெற்றியிலிருந்து வழுக்கி, பெஞ்சின் விளிம்பில் பட்டுத் தெறித்து, பந்தல் ஓரம் கழற்றிவிட்டிருந்த செருப்புக் குவியலுக்குள் உருண்டது.

"போனா போவுது, வேற காசு குடுங்கப்பா" என்றாள் மணியம்மாள். நாலைந்து கைகள் நீண்டன.

மதிவதனி மஞ்சள் தண்ணீரில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு செருப்பாக எடுத்து உதறினாள். ரப்பர் செருப்பு, வார் அறுந்த செருப்பு, யாரோ ஒரு குழந்தையின் ஷூ. அப்பா முப்பது வருஷம் செய்த வேலை இதுதான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஒரு ரூபாய்க்கா இப்படி" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

"மதி, எழுந்திரு. எல்லாரும் பாக்கறாங்க." அருணகிரி குடத்தோடு நின்றான்.

"இருண்ணா."

"நேரமாவுது மதி."

"ஒரே நிமிஷம்ணா, உன் கால்ல விழறேன்."

அவன் குடத்தைக் கீழே வைத்தான்.

ஒரு தோல் செருப்பின் மடிப்புக்குள் காசு நின்றுகொண்டிருந்தது. எடுத்துப் புடவையில் துடைத்தாள். எண் பக்கத்தை நேராகப் பிடித்தாள், மேலே ஆள்காட்டி விரல், கீழே கட்டைவிரல். பக்கவாட்டில் திருப்பினாள்.

சிங்கம் சாய்ந்திருந்தது. இரண்டு மணி காட்டும் முள் அளவுக்குச் சாய்வு. விளிம்பில் வெட்டு இல்லை, முகத்தில் கீறல் இல்லை. அச்சிலேயே விழுந்த குறை. மறுபடி திருப்பிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

மணியம்மாளின் கட்டைவிரலில் சந்தனத்தோடு யாரோ கொடுத்த புதுக்காசு தயாராக ஒட்டியிருந்தது. மதிவதனி கையை மூடிக்கொண்டாள். ஒரு கணம், திறக்க மனமே வரவில்லை. அப்பா சரியாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்.

"இதையே வைங்க அத்தை."

அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள். புதுக்காசை எடுத்துவிட்டு, குளிப்பாட்டி முடித்ததும் 1998-ஐ நெற்றியில் வைத்து அழுத்தினாள். "நேரா இருக்குதா பாரு."

"நேராதான் இருக்குது அத்தை."

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேளம் அடித்துத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனையில் நின்றார்கள். அப்பால் பெரிய தெருவில் கிரிவலத்துக்கு வந்த கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. வெறுங்காலோடு நின்ற சிலர் கும்பிட்டார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டுக் குளித்து வந்ததும், அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு மதிவதனி டப்பாவை எடுத்தாள். அப்பாவின் பேனா அதற்குள்ளேயே கிடந்தது. காலி உறையின் காகிதத்தில், 'மதி பார்க்கணும்' என்பதற்குக் கீழே எழுதினாள்.

'மதி பார்த்தாச்சு. சாயுது.'

உறையை ஓரம் வரை இழுத்து மூடி, மற்றவற்றோடு வைத்தாள்.