ஃபுட்டி அட்டவணைக்குக் கீழே ஏழு பெயர்கள்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எங்கள் ஊர்ப் பள்ளி கேன்டீனில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, பிள்ளைகள் பேசுவதை ஒட்டுக்கேட்டுத் திருடினேன்.

பிரைடிக்குப் பதினாறு வயது. தன்பாலினத்தவரை விரும்புகிறவர்கள் போன்ற பால்புதுமைப் பிள்ளைகளை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டால் தங்குவதற்கு சிட்னியில் ஒரு விடுதி இருக்கிறது. அதற்குப் பணம் திரட்ட அவளும் ஆறு நண்பர்களும் ஊதா உடை நாள் நடத்தினார்கள். அன்று சீருடை வேண்டாம். மதியம் சாசேஜ் விற்பனை.

(முதலில் ‘கோதுமை வயல்களின்மேல் பொன்வெயில்’ என்று தொடங்கினேன். வெட்கமாகிவிட்டது, அடித்துவிட்டேன்.)

2

பள்ளிச் செய்திமடலின் கடைசிப் பக்கத்தில், சனிக்கிழமை ஃபுட்டி (எங்கள் ஊர்க் கால்பந்து) ஆட்டங்களின் அட்டவணைக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. ‘வானவில் குழு’ என்று தலைப்பிட்டு ஏழு பெயர்களையும் பிரைடி அங்கே போட்டாள். மூன்றாவது பெயர் ரீஸ். தனக்குப் பையன்களைத்தான் பிடிக்கும் என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தவன். வியாழக்கிழமை மடல் எல்லார் வீட்டுக்கும் போய்விட்டது.

“லூசாடி நீ?” என்றான் ரீஸ். முகம் வெளுத்திருந்தது. “எங்கப்பா அந்தப் பக்கத்த மட்டுந்தான் படிப்பாரு! ஃப்ரிட்ஜ்ல வேற ஒட்டி வெப்பாரு.”

“சும்மா உதவிக்குப் போறேன்னு சொல்லேன்டா.”

“கேட்டா பொய் சொல்ல வராது எனக்கு. கேக்காம இருக்கணும்னுதான் இத்தன நாளா தப்பிச்சிட்டிருந்தேன்.”

பிரைடி மடலை எடுத்து அந்த மூன்றாவது பெயரை மறுபடி படித்தாள். துரத்தப்பட்டவர்களுக்கு உதவப்போய், தன் உயிர் நண்பனையே அந்த விடுதி வாசலில் கொண்டுபோய்...

(இதற்குமேல் எழுத வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

3

ரீஸின் அப்பா டேரலை முதல் வரைவில் முரடனாக எழுதினேன். ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவர், பெரிய கைகள், பேச்சே கிடையாது. வில்லனுக்கு வசதியான ஆள்! ஆனால் ஆட்ட இடைவேளையில் எதிரணிப் பிள்ளைகளுக்கும் ஆரஞ்சு நறுக்கிக் கொடுக்கிறவர். நானே பார்த்திருக்கிறேன். அதை மறைத்தால் கதை விறுவிறுப்பாகும்தான், எனக்கு மனசு வரவில்லை.

4

ஊதா உடை நாளன்று டேரல் வந்தார். வேலை உடுப்போடு சாசேஜ் வரிசையில் நின்றார். பிரைடி சாசேஜ் வைத்த ரொட்டியை நீட்டினாள்.

“சாஸ் போடட்டுங்களா?”

“வேணாம்மா. எம்புள்ள எங்க?”

“அவன் பேர நாந்தான் போட்டேன். திட்டறதா இருந்தா என்னத் திட்டுங்க.”

“உன்ன ஏம்மா திட்டப்போறேன்? அவனக் கூப்பிடு.”

ரீஸ் அடுப்புக்குப் பின்னாலிருந்து வந்தான். ஊதாச் சட்டை, சிவந்த கண்கள். டேரல் அவனை மேலும் கீழும் பார்த்தார். வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து பள்ளி மணி அடித்தது. பாழாய்ப்போன மணி! நான் கேட்டது அவ்வளவுதான்.

5

ஒரு முடிவில் டேரல் மகனைக் கட்டிப்பிடிப்பதாக எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் அவரைத் திரும்பி நடக்க வைத்தேன். அழுகை வந்து கிழித்துப்போட்டேன். மூன்றாவதில், “வீட்டுக்கு வா, பேசிக்கலாம்” என்றார். எந்தக் குரலில் சொன்னார் என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

வாயைத் திறந்த டேரல் சொல்லவேண்டிய அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள். அழகாக எல்லாம் வேண்டாம். உங்கள் பிள்ளை உங்கள் எதிரில் அப்படி நின்றால் வாயில் முதலில் எது வருமோ, அது போதும். சீக்கிரம், பையன் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.