மூன்று படங்களில் ஒரே மஞ்சள் ஷூ

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அவமானம். ஒரு சட்டக் கல்லூரியின் வரவேற்புப் புத்தகத்திலிருந்து வந்தது. இடம் கிடைத்தும் சேர்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாத கறுப்பின மாணவர்களுக்கு, 'வாருங்கள், இது உங்கள் வீடு' என்று அனுப்புகிற பன்னிரண்டு பக்கப் புத்தகம். அதைத் தயாரித்து, படங்களுக்குக் கீழே வரி எழுதுவது பத்தொன்பது வருடமாக என் வேலை. மீதி நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பார் என் கணவர்.

கல்லூரி ஒஹையோவில் இருக்கிறது. பெயர் கேட்காதீர்கள். திங்கட்கிழமை காலை நான் அங்கே போயாக வேண்டும்.

2

முதல் தொடக்கம்: 'கொட்டுகிற மழையில் நனைந்தபடி வெர்னெட்டா கிரிக்ஸ்பி கல்லூரி வாசலில்...'

(அடித்துவிட்டேன். அன்று மழையே இல்லை. தொடர்கதை எழுதிய கை, தானாக மழையைக் கொட்டுகிறது.)

இரண்டாவது: 'வெர்னெட்டா யாரையும் நம்பாதவள்.'

(இதுவும் தப்பு. நம்பாதது அவள் குணமல்ல, தொழில்.)

சரி, நேராகவே சொல்கிறேன். வெர்னெட்டாவுக்கு முப்பத்துநான்கு வயது. டொலீடோவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பதினொரு வருடமாக, மோதிய கார்களின் படங்களைப் பார்த்து யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பவள். ஒன்பது வயதில் ஒரு மகள். எங்கள் கல்லூரியிலும் இடம் கிடைத்திருக்கிறது, அவள் ஊரிலேயே இன்னொரு கல்லூரியிலும். எங்களிடம் வருவதென்றால் வேலையை விட வேண்டும், வீட்டைக் காலி செய்ய வேண்டும், மகளைப் பள்ளியிலிருந்து எடுக்க வேண்டும். சம்மதப் படிவத்தைச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் தர வேண்டும். வெள்ளி மாலை, கறுப்பின மாணவர் சங்கம் கொடுக்கும் விருந்துக்கு வந்தாள்.

3

அந்த விருந்தில் ஒரு வழக்கம் உண்டு. அலுவலகத்துக்காரர்கள் எட்டு மணி வரைதான் இருக்கலாம். எட்டு அடித்ததும் வெளியே போய்விட வேண்டும். கதவு சாத்தப்படும். உண்மையான கேள்விகள் அதற்குப் பிறகுதான். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் அங்கே எட்டு மணி ஒரு நிமிடத்தைப் பார்த்ததில்லை.

சங்கத் தலைவி காலிஸ்டா பெட்டிஃபோர்ட், இரண்டாம் ஆண்டு. வாசலில் நின்று வருகிறவர்களைக் கட்டி அணைத்துக்கொண்டிருந்தாள். செயலாளர் அமோஸ் பொரித்த மீனைத் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தான். நான் எலுமிச்சைச் சாறு ஊற்றும் சாக்கில் பக்கத்திலேயே நின்றேன்.*

"காலிஸ்டா, அந்த அக்கா சாப்பிடவே இல்ல. நோட்டுல எழுதிக்கிட்டே இருக்காங்க. வேவு பாக்க வந்த ஆளா இருக்குமோ?"

"யாருக்கு வேவு?"

"ஏதாவது வழக்குப் போடுற கோஷ்டிக்கு. கறுப்பருக்குத் தனி விருந்தான்னு கோர்ட்டுக்குப் போறவங்க இருக்காங்கல்ல."

"வாயை மூடிட்டு மீனை வை. வேவு பாக்க வந்தவங்க ஆறு மணிக்கே வந்து நமக்கு நாற்காலி எடுத்துப் போடுவாங்களா?"

"நல்ல வேவுக்காரங்க போடுவாங்க."

(* ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லலாம். எழுத்தாளர்கள் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம்.)

4

ஏழு ஐம்பதுக்கு வெர்னெட்டா எழுந்து காலிஸ்டாவின் மேசைக்கு வந்தாள். வரவேற்புப் புத்தகத்திலிருந்து கிழித்த மூன்று படங்களை, சீட்டு இறக்குவதுபோல ஒவ்வொன்றாக வைத்தாள்.

"தங்கச்சி, நீல ஸ்வெட்டர் போட்டு மரத்தடியில உக்காந்திருக்கிறது யாரு?"

"நான்தான் அக்கா."

"நூலகத்துல தலை குனிஞ்சு படிக்கிறது?"

காலிஸ்டா கொஞ்சம் தயங்கினாள். "அதுவும் நான்தான்."

"படிக்கட்டுல முதுகைக் காட்டி நிக்கிற சிவப்புச் சட்டை?"

"சட்டை என்னோடதுக்கா," என்றான் அமோஸ். "உள்ள இருக்கிறது அவதான்."

இரண்டு பேர் சிரித்தார்கள். வெர்னெட்டா சிரிக்கவில்லை.

"ஒரே பம்பரை மூணு கார்ல மாட்டிப் படம் எடுத்து அனுப்பினவனைப் பிடிச்சவ நான். சட்டையை மாத்தினீங்க, ஷூவை மறந்துட்டீங்க. மூணுலயும் அதே மஞ்சள் ஷூ. இடது கால் நுனியில அதே இங்க் கறை."

எல்லாரும் மேசைக்கு அடியில் பார்த்தார்கள். காலிஸ்டா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். தாமதமாகிவிட்டது.

"புத்தகத்தைப் பொரட்டினா இருபது பேர் தெரியுது. ஷூவை எண்ணினா நாலு ஜோடிதான். எம்மகளைப் பள்ளிக்கூடத்துலருந்து பிடுங்கிட்டு வரணும் நான். நெசமா உன் வகுப்புல எத்தனை பேரு?"

காலிஸ்டா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எட்டு மணிக்கு மேல சொல்றேன் அக்கா."

"ஏன், எட்டு மணிக்கு மேல எண்ணிக்கை கூடுமா?"

"எண்ணிக்கை அதேதான். கேக்குற காது கொறையும்."

அமோஸ் என் அருகே வந்தான். "மிஸ், மணியாகப்போவுது. பீச் கேக் ஒரு துண்டு கட்டித் தரவா?" மரியாதையாக வெளியே அனுப்பத் தெரிந்தவன். நல்ல வக்கீலாக வருவான்.

கதவு சாத்தப்பட்டது.

5

இனி நான் எழுதுவது எதையும் நம்பாதீர்கள். நான் உள்ளே இல்லை.

'காலிஸ்டா உடைந்து அழுதாள். வெர்னெட்டா அவளை...' (இல்லை. காலிஸ்டா அழுகிற ரகமில்லை. வாராவாரம் யாரையாவது அழவைத்துப் பழகிய கை இது.)

'"நாலு பேருதான் அக்கா. நானும் இப்படி ஒரு படத்தைப் பாத்துத்தான் வந்தேன். வந்து, அந்தப் படத்துல சிரிச்சவங்களைத் தேடினேன். எல்லாரும் படிப்பை முடிச்சுப் போயி மூணு வருஷம் ஆயிருந்துச்சு."' (இது நன்றாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. நாலு என்பது மட்டும் நிஜம். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.)

இன்னொரு கோணத்தில் பார்ப்போம். காலிஸ்டா எதற்காக அன்று மூன்று விதச் சட்டையோடு படமெடுக்க வந்தாள்? சங்கத்துக்கு ஆள் சேர்க்கும் ஆசையா? தலைவி பதவியின் மோகமா? இந்தப் பெண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

(நிறுத்துங்கள். இந்தப் பத்தியை நீங்கள் கொஞ்சமாவது நம்பியிருந்தால், நான் என் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறேன் என்று அர்த்தம். படிக்கிறவரின் சந்தேகத்தைத் தப்பான ஆள் மேல் திருப்புவது எங்கள் தொழிலின் முதல் பாடம்.)

6

சனிக்கிழமை பதினொன்று நாற்பது. வெர்னெட்டா என் அறைக்கு வந்தாள். தன் முடிவை உள்ளே வைத்து ஒட்டிய கவரை மேசையில் வைத்தாள். மேலே உள்ளங்கையையும் வைத்தாள்.

"ஒரே கேள்வி மிஸ். மூணு சட்டை கொண்டாரச் சொன்னது யாரு? காலிஸ்டா சொல்லமாட்டேங்குறா. ஆபீஸ்ல யாரோன்னு மட்டும் சொல்லுறா."

புகைப்படக்காரர் என்று சொல்லலாம், அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மேலிடம் என்று சொல்லலாம், மேலிடத்துக்கு முகம் கிடையாது. இரண்டு வரியும் நாக்கு நுனியில் தயாராக இருந்தன.

"நான்தான்," என்றேன்.

மோதிய பம்பரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். "எதுக்கு?"

"ஆள் கம்மின்னு தெரிஞ்சா யாரும் வரமாட்டாங்களேன்னு."

"வந்தப்புறம் மட்டும் தெரியாதாக்கும்?"

மேசையில் விரிந்து கிடந்த வரவேற்புப் புத்தகத்தை மூடினேன்.

"அடுத்த புத்தகத்துல நெசத்தைப் போடுங்க. நான் வந்தாலும் சரி, வராட்டியும் சரி." கையை எடுத்தாள். "நான் போனப்புறம் பிரிங்க."

அவள் தாழ்வாரத்தில் நடந்து போகும்போதுதான் கவனித்தேன். காலில் மஞ்சள் ஷூ. இடது நுனியில் இங்க் கறை.

7

ஏன் போட்டிருந்தாள்? சாட்சிப் பொருளாகக் கைப்பற்றிப் போகிறாளா? இல்லை, ஆகஸ்டில் கல்லூரி திறக்கும்போது திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டாளா? எட்டு மணிக்கு மேல் நடந்தது அது. எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதப்போவதும் இல்லை.

இப்போது மணி பன்னிரண்டு ஆக ஏழு நிமிடம். கவர் இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது. நான் பிரித்து 'வருகிறேன்' என்று எழுதினால், தொடர்கதைக்காரி சுபமாக முடித்துவிட்டாள் என்பீர்கள். 'வரவில்லை' என்றால், தனக்குத்தானே தண்டனை எழுதி நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாள் என்பீர்கள். இரண்டு சந்தேகமும் நியாயம்தான்.

அதனால் என் வேலையை மட்டும் முடித்திருக்கிறேன். அடுத்த புத்தகத்திலும் அதே மூன்று படங்கள். கீழே வரிகள் மட்டும் புதியவை.

மரத்தடி: 'காலிஸ்டா பெட்டிஃபோர்ட். இவர் வகுப்பில் கறுப்பின மாணவர்கள் நான்கு பேர்.'

நூலகம்: 'இதுவும் காலிஸ்டா.'

படிக்கட்டு: 'மறுபடியும் காலிஸ்டா. சட்டை மட்டும் அமோஸுடையது.'

மேலிடம் இதை அச்சுக்கு விடுமா என்று தெரியாது. அனுப்பிவிட்டேன்.

கவரை உங்கள் பக்கம் தள்ளியிருக்கிறேன். என் கை அதன் மேல் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.