பாசிட்டிவ் என்றால் என்ன

காலுக்கடியில் தரை பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, சண்முகவடிவு முன்னால் நடந்துகொண்டிருக்கிறாள், எங்கேயும் போய்ச் சேரவில்லை, மார்பில் ஒட்டிய வயர்கள் ஒவ்வொரு எட்டுக்கும் ஆடுகின்றன, நர்ஸ் வேகத்தைக் கூட்டுகிறாள், நெஞ்சு வலிக்குதாம்மா என்று கேட்கிறாள், இல்லை என்று இவள் தலையாட்டுகிறாள், வலிப்பது நெஞ்சு அல்ல, இடுப்புக்குக் கீழே, துணி வைத்து இறுகக் கட்டிய இடத்தில், இறங்கிப்போன கர்ப்பப்பை கனத்து இழுக்கிறது, அதை எடுத்துப்போடும் ஆபரேஷனை இதயம் தாங்குமா என்று பார்க்கத்தான் டிரெட்மில்லில் இந்த நடை, தரை இப்போது மேடாகிறது, மேடு பள்ளிக்கூடத்துப் படியாகிறது, கயத்தாறுக்குப் பக்கத்துப் பள்ளியில் சத்துணவுச் சமையல் அவளுக்கு, அப்போது மகள் பிறந்து பச்சை உடம்பு ஆறவில்லை, சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள், பாதிப் படியில் அடிவயிற்றில் என்னவோ வழுக்கிக் கீழே இறங்குகிறது, அண்டாவைக் கீழே வைக்காமல் அப்படியே நிற்கிறாள், பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள், வைத்தால் மறுபடி தூக்க முடியாது.

அப்போதே பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ஆபரேஷன் என்றுதான் சொன்னாள், பிள்ளை பால் மறக்கட்டும் அப்புறம் பாத்துக்கலாம் என்றாள் மாமியார், பிள்ளை பால் மறந்தது, வீடு கட்ட ஆரம்பித்தார்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார் கணவர் அருணாசலம், அந்த அப்புறத்துக்குள்ளேயே மகள் பெரியவளாகிக் கல்யாணமும் ஆகிப் போய்விட்டாள், சண்முகவடிவு மட்டும் பழைய சேலையைக் கிழித்துக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தாள், கொடியில் அந்தத் துணிகளை மற்றத் துணிகளுக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டாள், இப்போதுதான், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான், அவளாகவே போய் ஆபரேஷனுக்கு நாள் வாங்கினாள்.

இயந்திரம் நின்றது. மகன் நாயகம் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பாசிட்டிவ் என்று வாசித்தான், நல்லதுதானல என்றாள் அவள், இல்லம்மா, இதுல பாசிட்டிவ்னா நல்லதில்ல, இதயத்துல அடைப்பு இருக்கலாம்னு அர்த்தம் என்றான். வீட்டுக்கு வந்ததும் அருணாசலம் ஆபரேஷன் பேச்சே இனி வேண்டாம் என்று முடித்துவிட்டார், அவர் முகத்தில் பயம் இருந்தது, பயத்துக்குப் பின்னால் ஒரு நிம்மதியும் இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். இத்தன வருசம் ஓட்டியாச்சுல்லா, இனி அறுத்து என்ன ஆகப்போவுது, ஏதாவது ஒண்ணு ஆயிட்டுன்னா என்றார். அவள் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். ஒண்ணும் ஆகாம இருந்தப்ப மட்டும் நான் நல்லாவா இருந்தேன், நீங்க என்னைக்காவது கேட்டியளா. அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினாள், இதய டாக்டர் பியூலா இளவயசு, மகள் வயதுதான் இருக்கும், எனக்குப் புரியுத மாதிரி சொல்லுங்கம்மா, எம்புள்ளைக்கிட்ட இல்ல, எங்கிட்ட என்று எதிரே உட்கார்ந்தாள். டாக்டர் தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்தாள், இந்தக் கோடு நீங்க வேகமா நடக்கயில கீழ இறங்குது பாருங்க, இது சந்தேகந்தான், தீர்ப்பு இல்ல, பொம்பளையளுக்கு அடைப்பே இல்லாமலும் இப்படி இறங்கிக் காட்டும், ஸ்கேன் எடுத்தா உள்ள என்னன்னு தெரிஞ்சுரும் என்றாள். தெரிஞ்ச பொறவு ஆபரேஷன் உண்டா இல்லையா. பெரிய அடைப்புன்னா அதை முதல்ல சரி பண்ணணும், பண்ணிட்டுச் செய்யலாம். அப்ப எப்படியும் உண்டு என்றாள் சண்முகவடிவு, டாக்டர் சிரித்துவிட்டாள், ஆபத்தே இல்லன்னு நான் சொல்லலம்மா என்றாள், நானும் அதைக் கேக்கலியே என்றாள் இவள்.

ஸ்கேனில் ஒரு குழாயில் சின்னச் சுருக்கம் தெரிந்தது, மாத்திரை போதும், ஆபரேஷனுக்குப் போகலாம் என்று டாக்டர் பியூலா சொன்னாள், ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே தன் உடம்பே இல்லாமல் போனது, தலைமாட்டு மானிட்டரில் அவள் இதயம் டிக் டிக்கென்று ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தது, பேசு பேசு என்று நினைத்துக்கொண்டாள், நினைவா கனவா தெரியவில்லை, மாமியார் வாசலில் நிற்கிறாள், அப்புறம் பாத்துக்கலாம் என்கிறாள், நீங்க தள்ளி நில்லுங்க அத்தை என்று சண்முகவடிவு சொல்கிறாள், சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும், மயக்க மருந்து டாக்டர் குனிந்து என்னம்மா என்றார்.

புண் நன்றாக ஆறிய பிறகு கடைசியாக ஒருமுறை காட்டிவிட்டு அருணாசலத்தோடு பஸ் நிலையத்தில் நிற்கிறாள், வந்த பஸ்ஸில் உட்கார இடமில்லை, கூட்டமா இருக்கு, அடுத்த பஸ்ல போவோம் என்கிறார் அவர், அவள் அதற்குள் படியில் கால் வைத்துவிட்டாள், நீங்க வேணும்னா இருந்து வாங்க என்கிறாள், அவர் பின்னாலேயே ஓடிவந்து ஏறுகிறார், யாரோ ஒரு பெண் எழுந்து இடம் கொடுக்கிறாள், வேண்டாம் தாயி, நீ இரி என்று மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால்களை நன்றாக அகட்டி ஊன்றி, ஊர் வரைக்கும் சண்முகவடிவு நின்றுகொண்டே போகிறாள்.