கல்லறைச் சிப்பாய்க்குச் சுற்றிய பழம்

சீனாவில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜா செத்தான். செத்த பிறகும் அவனுக்குக் காவல் வேண்டுமாம். ஆளுயரச் சிப்பாய்களைக் களிமண்ணில் செய்து, சுட்டு, வண்ணம் பூசி, கல்லறையோடு வரிசை வரிசையாகப் புதைத்து வைத்தார்கள். தோண்டி எடுத்ததில் சில, கண்காட்சிக்காக ஷார்ஜாவில் ஒரு மியூசியத்துக்கு வந்து இறங்கின. பெட்டியைப் பிரித்துச் சிப்பாய்களை நிறுத்தும் வேலை வேலுச்சாமியின் குழுவுக்கு.

வேலுச்சாமி சிவகங்கைப் பக்கத்துக்காரன். சவுதியில் யான்பு எண்ணெய் ரிஃபைனரியில் வெயிலில் வெந்து, ஒருநாள் சுருண்டு விழுந்து, இனிமேல் வெயில் ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்ன பிறகு இங்கே வந்தவன். இந்தக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தால் மியூசியத்திலேயே நிரந்தர வேலை என்று ரகுநாதன் சார் சொல்லியிருந்தார். குளுகுளுவென்று ஏசிக்குள், கையுறை மாட்டிக்கொண்டு செய்கிற வேலை. ரோலா பக்கம் தங்கியிருந்த ரூமில் கண்ணை மூடினால் அவனுக்கு அதே நினைப்பு. அது தட்டிப்போனால் மறுபடியும் வெயில்தான், அதை இந்த உடம்பு தாங்காது.

ரகுநாதன் திருச்சிக்காரர், ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர். வாய் சும்மா இருக்காது அவருக்கு.

"உள்ள வேலை பாத்த ஆளுங்களையும் வெளிய விடாம கல்லறையோட சேத்து மூடிட்டாங்கன்னு பழைய சரித்திரத்துல எழுதியிருக்கு. ரகசியம் தெரிஞ்சவங்களாம்!" என்றார்.

அவ்வளவுதான், குழுவில் இருந்த ஐயப்பன் பெட்டியைத் தொடமாட்டேன் என்று ஒதுங்கிவிட்டான். பயம் காட்டிய மனுஷருக்கே பயம் பிடித்துக்கொண்டதுதான் வேடிக்கை. வேலுச்சாமியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மனசே சரியில்லப்பா. ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுடு. சிலைங்களோட வந்திருக்கற அந்தச் சீனா மேடம் சாப்பிடப் போயிருக்காங்க. ஜல்தி."

"யாராச்சும் பாத்தா, சார்?"

"நான் பாத்துக்கறேன். நான்தானே சொல்றேன்?"

முதல் சிப்பாயை நிறுத்தியதும் வேலுச்சாமி பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவிச் சுற்றினான். ஊரில் புது லாரிக்குச் செய்கிற மாதிரி, முடிக்கும்போது பழக்கதோஷத்தில் ஒரு பிழி பிழிந்துவிட்டான். சிவந்த சாறு சிப்பாயின் தோளில் தெறித்தது அவன் கண்ணில் படவில்லை.

சீனா மேடம் கண்ணில் பட்டது. மண்ணை விட்டு வெளியே வந்ததும் அந்தப் பழைய வண்ணங்களெல்லாம் உதிர்ந்துவிடுமாம். மிஞ்சியது அங்கங்கே ஒரு பொட்டுதான். அப்படி யாரும் பார்க்காமல் விட்ட சிவப்பு ஒன்று அகப்பட்டதென்று அந்த அம்மாள் முகம் மலர்ந்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். எலுமிச்சை வாசம் அடித்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள், பாவம்.

விசாரணை, மியூசியம் மேனேஜர் அப்துல் ஹாதியின் அறையில். வெளியே வராந்தாவில் ரகுநாதன் வேலுச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பேரு வந்தா விசா போயிடும், வேலு. என் புள்ளைங்க நிதினும் ரக்ஷிதாவும் இங்க ஸ்கூல்ல படிக்கறாங்க. நீயா செஞ்சேன்னு சொல்லிடு. தெரியாம செஞ்சுட்டான்னு நான் பேசி முடிச்சுடறேன். உன் வேலைக்கு நான் கேரண்டி."

வேலுச்சாமி யோசித்தான். சாரைக் காட்டிக்கொடுத்தால் தனக்காகப் பேச அங்கே யார் இருக்கிறார்கள்? உள்ளே போய், தெரிந்த இந்தியில், "மே கியா. கோயி நஹி போலா," என்றான். நான்தான் செய்தேன், யாரும் சொல்லவில்லை என்று அர்த்தம். பிறகு ரகுநாதன் இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். ஒரு வார்த்தை புரியவில்லை. நமக்காக இந்த மனுஷன் எவ்வளவு மன்றாடுகிறார் என்று வேலுச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் சூப்பர்வைசர் ராஜிக் வந்து, "கலாஸ் பாய், இங்க முடிஞ்சுது. நாளைலேருந்து உனக்கு ரோடு சைட்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

பார்க்கிங்கில் காரில் ஏறப்போன ரகுநாதனிடம் வேலுச்சாமி ஓடினான்.

"சார், பேசி முடிக்கறேன்னீங்களே? வெயில் எனக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"என்னத்தப் பேசறது? எவ்வளவு பழைய பொருள், அதுமேல எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு வச்சிருக்க! ஊர்ப் பழக்கத்தயெல்லாம் இங்க கொண்டு வராதீங்கன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?"

வேலுச்சாமி சுற்றுமுற்றும் பார்த்தான். யார் காதில் விழுவதற்காக இப்படிப் பேசுகிறார்? பார்க்கிங்கில் ஒரு ஈ காக்கா இல்லை. மறுபடி சார் முகத்தைப் பார்த்தான். நிஜமாகவே கோபத்தில் சிவந்திருந்தது. பழம் சுற்றாதே என்று தான் தடுத்ததாகவே அந்த மனுஷன் நம்பிவிட்டார்.