பெல்ட்டுக்கு அரை அங்குலம்

இவ்வளவு போதும். இதற்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போகிறது, விரலை எடுத்தால் திரும்பி வருகிறது. இதைப் போய்த் தொளதொளவென்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

கொட்டகைக்கு வெளியே சிமெண்ட் தரையில் பழைய சாக்கை விரித்து அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே தோட்டம் உழும் டில்லர், பக்க மூடியைக் கழற்றிவிட்டதால் குடல் தெரிய நின்றது. ஸ்பார்க் பிளக்கின் வயரை முதலிலேயே பிடுங்கி ஒதுக்கியிருந்தாள். கை உள்ளே இருக்கும்போது இன்ஜின் தவறிக்கூட உயிர் பெறக் கூடாது. கைப்பிடி லிவரை அழுத்திப் பிடிக்க இன்னொரு ஆள் இல்லாததால் அதைக் கயிற்றால் கட்டியிருந்தாள். லிவரை அழுத்தினால் ஒரு சின்ன உருளை வந்து பெல்ட்டை நெருக்கும். பெல்ட் இறுகி, கீழே கத்திகள் சுழன்று மண்ணைக் கிளறும். லிவரை விட்டால் பெல்ட் தளர்ந்து கத்திகள் நிற்க வேண்டும்.

போன வாரம் அவை நிற்கவில்லை.

அவள் புகுந்த வீட்டில் எதையும் இறுக்காமல் விடமாட்டார்கள். அவர்கள் மூடிய குழாயைத் திறக்க இரண்டு கை வேண்டும். கல்யாணமான புதிதில், ஜாம் பாட்டிலோடு மல்லுக்கட்டித் தோற்று, வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு அவள் எழுந்த காலைகள் உண்டு. டில்லரையும் அவள் கணவன் அப்படித்தான் கவனித்துக்கொண்டான். பெல்ட் வழுக்குகிறதென்று லிவரிலிருந்து உருளைக்குப் போகும் கேபிளின் நட்டை முறுக்கினான். மறுபடி வழுக்கியது, மறுபடி முறுக்கினான். பெல்ட்டின் உட்பக்கம் தேய்ந்து கண்ணாடிபோல் மினுங்குவதை, மூடியைத் திறந்து பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. கடைசியில் லிவரை விட்டாலும் பெல்ட் தளராத நிலைக்கு வந்தது. போன வாரம் ஒரு நாள், அவள் லிவரை விட்டுவிட்டு வழியிலிருந்த கல்லைப் பொறுக்கக் குனிந்தபோது, டில்லர் தானாகவே ஊர்ந்து வந்து அவள் செருப்பின் நுனியைக் கடித்தது. பெருவிரல் தப்பியது மயிரிழையில்.

அன்று அவள் இன்ஜினை அணைத்துவிட்டுக் கிழிந்த செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். கணவன் முறுக்க ஸ்பேனரைக் கையில் எடுத்த நாளிலேயே இது சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. 'போதுங்க' என்ற ஒரு சொல், தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல இறங்கிப் போய்விட்டது. எத்தனை சொற்கள் இப்படி இறங்கிப் போயிருக்கின்றன என்று யோசித்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. மறுநாளே கடைக்குப் போய்ப் புது பெல்ட் வாங்கி வந்தாள். பழையதைத் திருப்பிப் பார்த்த கடைக்காரர், "யாருங்க இதை இப்படித் தூக்குல போட்டது?" என்று கேட்டார்.

இப்போது கயிற்றை அவிழ்த்தாள். பிளக் வயரை மாட்டினாள். சற்றுத் தள்ளி நின்று ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இன்ஜினைக் கிளப்பினாள். லிவரைத் தொடாதவரை கத்திகள் அசையவில்லை. அழுத்தினாள், சுழன்றன. விட்டாள், நின்றன. வேண்டுமென்றே இன்னொரு தடவை, பிறகு தேவையே இல்லாமல் மற்றொரு தடவை செய்து பார்த்தாள். சொன்ன பேச்சைக் கேட்கும் ஒரு பொருள் இந்த வீட்டில் இருப்பது மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. இன்ஜினை அணைத்தாள்.

"என்ன டாக்டரம்மா, ஆபரேஷன் முடிஞ்சுதா?"

நாத்தனார். கணவனின் அக்கா. தன் தோட்டத்தை உழ டில்லரை எடுத்துப்போக வண்டியோடு வந்திருந்தாள். பெரிய கை, பெரிய சிரிப்பு. இறுக்குவதில் அந்தக் குடும்பத்துக்கே தலைவி. அவள் பின்னாலேயே டீ டம்ளரோடு கணவனும் வந்தான்.

நாத்தனார் குனிந்து பெல்ட்டை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள். "ஐயய்ய, இதுல துணி காயப்போடலாம் போலிருக்கே!"

"லிவரை அழுத்துனா இறுகிக்கும் அண்ணி. விட்டா இப்படித்தான் இருக்கணும்."

"என் தோட்டம் கட்டாந்தரைம்மா. பாதியிலேயே இது மூச்ச விட்டுடும். ஒரு சுத்து முறுக்கு."

"நானும் அதான் சொன்னேன்" என்றான் கணவன்.

"நீ வாய மூடுடா. நீ முறுக்கித்தான் போன பெல்ட்டு செத்துச்சு."

"முறுக்கச் சொல்லிக் குடுத்ததே நீதானேக்கா!"

"நான் ஒரு சுத்துன்னேன். நீ ஒம்பது சுத்து சுத்துன!"

மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் நாத்தனார் கை நீண்டபடியே இருந்தது. "எங்க, ஸ்பேனரக் குடு. ஒரே ஒரு சுத்து. எனக்காக."

'சரி அண்ணி' தொண்டைக்கு வந்துவிட்டது. எத்தனையோ வருடமாக நடந்து பழகிய பாதை அதற்கு. இந்த அண்ணி நல்லவள். இவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். நீட்டிய கைக்குக் கீழே, ரப்பர் செருப்பில், அண்ணியின் அகலமான பாதங்கள் கத்திகளுக்கு நேரே இருந்தன. அவள் அந்தப் பாதங்களைப் பார்த்தாள்.

"மண்ணுக்கு முன்னாடியே தண்ணி விட்டு ஊறவைங்க அண்ணி. முதல் தடவை மேலாக்க ஓட்டுங்க. ரெண்டாவது தடவை ஆழமா விடுங்க. இழுக்கும்."

"இழுக்கலேன்னா?"

"என்னைக் கூப்பிடுங்க. நானே வந்து ஓட்டித் தர்றேன்."

"அதுக்கு இப்பவே ஒரு சுத்து முறுக்கிடலாமே?"

"ஏய், அக்கா இவ்வளவு கேக்குறாங்கல்ல..." என்று ஆரம்பித்தான் கணவன்.

அவள் பக்க மூடியை எடுத்து அதன் இடத்தில் பொருத்தினாள். திருகுகளை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். நாத்தனாரின் கை இன்னும் காற்றில் இருந்தது.

"இல்ல அண்ணி," என்றாள், தணிந்த குரலில். "முறுக்க மாட்டேன்."